பூச்சாடிக்கு அடியில யார் பேரு?

சின்னமனூர் நண்பர் ஒருத்தர் போன வாரம் நாலு போட்டோ அனுப்பினார். மேகமலை எஸ்டேட்ல வேலை பார்த்த அவங்க தாத்தா காலத்துல இருந்து வீட்டுல இருக்கற பூச்சாடி. வெள்ளை மெருகு, நீலமும் மஞ்சளுமா கோடு, நடுவுல தொப்பி போட்ட ஒரு பிரெஞ்சுக் குடியானவர். அடியில தூரிகையால 'எச்ஆர் கேம்பேர்'னு எழுதியிருக்கு. பழைய சாமான் வாங்கற ஒருத்தர் வந்து, "பேர் போட்டா கம்பெனி சரக்கு, அவ்வளவு பழசெல்லாம் இல்ல"ன்னு சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்டாராம். "செஞ்சது யாருண்ணே? குடுத்துடவா?" இதான் நண்பரோட கேள்வி.

முதல்ல, குடுக்காதீங்க தம்பி. கேம்பேர்ங்கறது பிரான்சுக்கு வடமேற்குல, பிரித்தானி பகுதியில இருக்கற ஊர். மண்பாண்டத்து மேல வெள்ளீயம் கலந்த மெருகு பூசி, அதுல படம் வரைஞ்சு சுடறதுக்குப் பேர்போன ஊர். அங்க எச்பி, எச்ஆர்னு ரெண்டு பட்டறை. ரெண்டு முத்திரையும் ஒரே மாதிரி இருக்குன்னு வழக்கு வந்து, 1922ல எச்ஆர்காரங்க 'ஆன்ரியோ'ன்னு முழுப் பேரையும் எழுத ஆரம்பிச்சாங்க. அதனால வெறும் எச்ஆர்னு இருந்தா, முத்திரை உண்மையா இருக்கற பட்சத்துல, நூறு வருசத்துக்கு மேல ஆன சாமான். 'பிரான்ஸ்'னு நாட்டுப் பேரும் சேர்ந்திருந்தா, பெரும்பாலும் 1891க்குப் பிந்தினது. வெளிநாட்டுச் சரக்குல நாட்டுப் பேர் இருக்கணும்னு அமெரிக்கா சட்டம் போட்டது அப்பதான்.

ஆனா 'முத்திரை உண்மையா இருக்கற பட்சத்துல'ன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் மேட்டரே இருக்கு. பாரீஸ்ல சாம்சன்னு ஒரு பட்டறை, 1845ல தொடங்கினது. பழைய செவ்ர், மைசன், சீனப் பீங்கான் எல்லாத்தையும் அச்சு அசலா நகல் எடுத்து வித்தாங்க. செவ்ரோட பின்னிக்கிட்ட ரெட்டை 'எல்' முத்திரையை 19ஆம் நூற்றாண்டுல காப்பி அடிக்காதவங்களே கம்மி. என் கருத்து என்னன்னா, முத்திரையைக் கடைசியா பாருங்க. முதல்ல கவுத்து, மெருகு படாத அடி விளிம்புல மண்ணோட நிறத்தைப் பாருங்க. தேய்மானம் தரையில உக்கார்ற இடத்துல மட்டும் இருக்கா, இல்ல எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுரண்டியிருக்கான்னு பாருங்க. அப்புறம் தூரிகைக் கோடு. இதெல்லாம் ஒத்து வந்தாதான் பேருக்கு மதிப்பு.

இன்னொண்ணு. பேர் உண்மையாவே இருந்தாலும் அது செஞ்சவர் பேரா? எச்ஆர்ங்கறது முதலாளி. குடியானவர் தொப்பியை வரைஞ்ச கை யாரோடது? செவ்ர்ல பட்டறை முத்திரையோட வரைஞ்சவருக்கும் ஒரு தனிக் குறி போட்டாங்க. 1753ல இருந்து வருசத்துக்கும் ஒரு எழுத்து. அதனாலதான் இன்னிக்கும் ஒரு கோப்பையைப் பார்த்து ஓவியரை அடையாளம் சொல்ல முடியுது.

இந்தச் சிக்கல் நமக்கும் புதுசில்ல. புதுச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல 1945ல மார்டிமர் வீலர் தோண்டினப்ப, இத்தாலிய அரெஸ்ஸோ வகைச் சிவப்புப் பாண்ட ஓடுகள் கிடைச்சுது. சிலதுல குயவர் முத்திரையும் இருந்துது. அந்த வகை ஓடுகளை வச்சுத்தான் அவர் அந்த இடத்துக்குக் காலம் கணிச்சார். ஆனா அதே வகையில 'அதேயுஸ்'ங்கற பேர் போட்ட பாண்டங்களோட மண்ணை வேதியியல் முறையில சோதிச்சுப் பார்த்தா, நிறைய பீசாவுலயும் பிரான்சுல லியோன்லயும் செஞ்சதுன்னு தெரிஞ்சுது. முதலாளிக்குப் பல ஊர்ல கிளை! சில முத்திரைகள்ல மட்டும் அடிமையோட பேரும் இருக்கு. மார்க்கஸ் பெரன்னியுஸோட அடிமை செர்தோ, பேர் சொல்லி நிக்கறார். ரெண்டாயிரம் வருசம் கழிச்சும் அந்த ஆளை நமக்குத் தெரியுது.

நம்ம ஊர்ப் பானை ஓடுகள்லயும் பேர் இருக்கு. கீழடியில ஆதன், உதிரன்னு. ஆனா சுட்ட பிறகு கீறின பேர்னா, அது பானையை வச்சிருந்தவர் பேரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வனைஞ்சவர் பேர் எங்க போச்சு? நம்ம தேனி மாவட்டத்துலயே, ஆண்டிபட்டி பக்கம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்ச தமிழி எழுத்து நடுகற்களும் செத்தவங்க நினைவாத்தான். கல்லுல உளி பிடிச்ச கை யாரோ.

வெள்ளைக்காரன் பேர் போட்டான், நாம போடலன்னு புலம்பறதுக்கு இதைச் சொல்லல. அவங்க ஊர்லயும் பெரும்பாலும் முதலாளிதான் பேர் போட்டார். ஆனா நம்ம கம்பம் பள்ளத்தாக்குல இன்னிக்கும் பொங்கப் பானையும், கார்த்திகை அகலும், அய்யனார் குதிரையும் செய்யற வேளார்கள் இருக்காங்க. ஈர மண்ணுல ஒரு குச்சியால பேரும் வருசமும் கீற எவ்வளவு நேரம் ஆகும்? அவங்க கீறலைன்னா, வாங்கற நாமளாவது கேட்டு ஒரு நோட்டுல குறிச்சு வைக்கலாமே. எங்க வாங்கினோம், யார் வனைஞ்சது, எந்த வருசம். மூணு வரி போதும்.

பிரெஞ்சுச் சாடிக்குப் பேர் தேட புத்தகம் புத்தகமா இருக்கு. அய்யனார் குதிரைக்கு அந்த மூணு வரிதான் புத்தகம், சாமிகளா. இந்தப் பொங்கலுக்குப் பானை வாங்கறப்ப கேட்டு எழுதிருங்க.