பையைத் திருப்பிப் பாருங்கள்



சென்ற மாதம் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு தங்கை மெதுவாக என்னிடம் வந்தாள். "அக்கா, எங்கட நாய்க்குட்டிக்கு விலை கூடின சாப்பாடு வாங்க அம்மாவிட்டக் காசு இல்லை. மலிவானதைத்தான் குடுக்கிறம். அது பிழையா?" கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அவளுக்கு நான் என் கதையைத்தான் சொன்னேன்.

எங்கள் குட்டி வீட்டுக்கு வந்தபோது அதற்கு மூன்று மாதம். கடையில் இருந்ததிலேயே விலை கூடிய சின்ன டின்களைத் தேடி வாங்கினேன். திறந்தால் உள்ளே நார் நாராக நல்ல கோழி இறைச்சி. குட்டியும் தட்டை நக்கி முடித்துவிடும். ஆறு கிழமையில் அது நொண்டத் தொடங்கியது. மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்புகள் மெலிந்திருந்தன. "என்ன குடுக்கிறீர்கள்?" என்று கேட்டு, நான் கொண்டுபோன டின்னைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு சொல்லைக் காட்டினார்: 'கொம்ப்ளிமெண்டரி'. அதாவது துணை உணவு. அதை மட்டும் கொடுத்து ஒரு நாயை வளர்க்க முடியாது.

வெறும் இறைச்சியில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் உடல் அதைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மருந்துக் குப்பியின் பெயரை மூன்று தரம் வாசிக்காமல் ஊசியில் எடுக்காத தாதி நான். என் குட்டியின் டின்னை ஒருதரமும் வாசிக்கவில்லை. சரியான உணவோடும் ஓய்வோடும் அது சுகமானது. ஆனால் அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே முதலில் தேட வேண்டிய சொல் 'கொம்ப்ளீட்', அதாவது முழு உணவு. இது விளம்பரச் சொல் அல்ல, சட்டத்தில் பொருள் உள்ள சொல். குட்டிக்கா, வளர்ந்த நாய்க்கா என்பதையும் பாருங்கள்.

இரண்டாவது, முன்பக்கத்துப் பெயர். 'கோழியுடன்' என்று போட 4 வீதம் கோழி இருந்தாலே போதும். 'கோழிச் சுவை' என்றால் அதைவிடவும் குறைவாக இருக்கலாம். பின்பக்கப் பட்டியலில் எடை கூடியதே முதலில் வரும்.

மூன்றாவது, புரதக் கணக்கு. டின்னில் 8 வீதம், உலர் உணவில் 24 வீதம் என்று கண்டு டின் மோசம் என்று எண்ணாதீர்கள். டின்னில் 80 வீதம் தண்ணீர் என்றால், மீதி 20இல் 8 புரதம். அது 40 வீதம். உலர் உணவில் தண்ணீர் 8 வீதம் என்றால், மீதி 92இல் 24; ஏறக்குறைய 26 வீதம்தான்.

'மிருக உபபொருட்கள்' என்று கண்டு அருவருக்கவும் வேண்டாம். இங்குள்ள விதிப்படி அவை மனிதர் உண்ணத் தகுந்தவை என்று பரிசோதித்த மிருகங்களிலிருந்தே வரவேண்டும். ஈரலும் குடலும் நாமே கறி வைத்துச் சாப்பிடுகிறோம் அல்லவா! நாய்க்கு ஒவ்வாமை இருந்தால் மட்டும் எந்த இறைச்சி என்று பெயர் சொல்லும் உணவாகத் தெரிந்தெடுங்கள்.

பொதி உணவு பிறந்ததே நம் ஊர்ப் பக்கம்தான் என்றும் சொல்லலாம். இடிதாங்கி விற்க வந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், கப்பல் பிஸ்கட்டை நாய்கள் தின்பதைக் கண்டு 1860களில் லண்டனில் நாய் பிஸ்கட் செய்யத் தொடங்கினார் என்பார்கள். அவருடைய நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடம் பொப்லரில் கால்வாய் ஓரம் இன்றும் நிற்கிறது. அந்த நிறுவனத்தில் வேலை செய்த சார்ள்ஸ் க்ரஃப்ட்தான் 1891இல் இஸ்லிங்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். பையின் முன்பக்கம் விற்பதற்கு, பின்பக்கம் அறிவதற்கு.

அம்மம்மாமாருக்கும் ஒரு வார்த்தை: மேசையிலிருந்து விழும் துணிக்கை எல்லாம் நாய்க்கு நல்லதல்ல. வெங்காயமும் உள்ளியும் போட்ட கறி, முந்திரிகை வற்றல் போட்ட கிறிஸ்மஸ் கேக், சொக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தங்கை பையைப் படம் எடுத்து வந்து காட்டினாள். பின்பக்கத்தில் 'கொம்ப்ளீட்', 'குட்டிகளுக்கு' என்று இரண்டும் இருந்தன. நான் வாங்கிய டின்னின் விலையில் கால்வாசியும் இல்லை.

"இது நல்ல சாப்பாடு. அம்மாவிட்டச் சொல்லு" என்றேன். அவள் ஓடிப்போய்ச் சொன்னாள்.