மரக்கன்று நட்டால் மட்டும் போதுமா?

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கல்லூரிகளில் மரக்கன்று நடுகிறார்கள். நல்லதுதான், நாம் குறை கூறவில்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென 1991-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அந்தப் பாடம் கல்லூரி மதிலோடு நின்றுவிடலாமா?

நொய்யலைப் பாருங்கள்! பாசனத்துக்கென 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் குட்டையாயிற்று. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை ஆற்றில் விட்டு லாபம் குவித்தவன் யார்? முதலாளி! விளைச்சல் இழந்தவன் யார்? விவசாயி! பட்டறை மூடியதும் கூலி இழந்தவன் யார்? தொழிலாளி!

மாணவத் தோழர்களே! கன்றுக்கு நீர் ஊற்றிய கையோடு ஆற்றங்கரைக்கு வாருங்கள். நம் கிணற்று நீரை உங்கள் சோதனைச்சாலையில் சோதித்து, முடிவை ஊரறியச் சொல்லுங்கள். அதுவே நாம் கேட்கும் கல்வி!