எந்தக் கை, எப்படி விழுந்தான்?

சகோதரிகளே, குழந்தை கீழே விழுந்துவிட்டால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்கிறோம். அந்த நாலு வார்த்தைதான் டாக்டரின் சீட்டில் ஏறுகிறது. பிற்பாடு பார்ப்பவர்களுக்கெல்லாம் அதுதான் சாட்சி. என் உத்தியோகத்தில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

எனக்குச் சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அடிக்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். "நாள் முழுக்க உட்கார்ந்து நம்பர் போடறதுக்கா சம்பளம்?" என்று என் மாமியார் இன்னமும் கேட்கிறார்!

இந்த முறை ஒரே ஒரு எண்ணைப் பார்ப்போம். சின்னப் பிள்ளைகளின் புஜ எலும்பில் வரும் ‘பக்கிள்’ முறிவு. பெரியவர்கள் எலும்பு காய்ந்த சுள்ளி மாதிரி படக்கென்று முறியும். குழந்தை எலும்பு இளசல்லவா? நீளவாக்கில் அழுத்தம் விழுந்தால் இரண்டாகாமல், ஓரிடத்தில் லேசாகப் பிதுங்கிப் புடைத்துக்கொள்ளும். இதற்கு ‘டோரஸ்’ என்றும் ஒரு பெயர். தூணின் அடியில் வளையமாகப் புடைத்திருக்கும் பகுதிக்குக் கட்டடக் கலையில் வழங்கும் சொல் அது. நம் கோயில் அதிட்டானத்தில் உருண்டு திரண்டிருக்குமே குமுதம், அதே சாயல்தான்.

இது மணிக்கட்டில்தான் அதிகம். புஜத்தில் வந்தால் தோள்பட்டை அருகிலோ, முழங்கைக்குச் சற்று மேலேயோ இருக்கும். தோள்பட்டைப் பக்கம் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஸ்லிங் என்கிற தூக்குப் பட்டையிலேயே மூன்று நாலு வாரத்தில் கூடிவிடும். புஜ எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் அந்த முனையில்தான் நடக்கிறது. சிறு கோணல் இருந்தாலும் வளர வளரத் தானே நேராகும்.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி-10-சி.எம். என்ற பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இந்த முறிவுக்கு எண், எஸ்42.271ஏ. ‘எஸ்’ என்றால் அடிபட்டது. 42, தோள்பட்டையும் புஜமும் சார்ந்த முறிவு. 27, புஜ எலும்பின் மேல் முனையில் பக்கிள். அடுத்த 1 வலது கை. 2 என்றால் இடது. எந்தக் கை என்று டாக்டர் எழுதாவிட்டால் 9 போட வேண்டியதுதான். எக்ஸ்ரேயைப் பார்த்து நானாக முடிவு செய்யக் கூடாது. டாக்டருக்கே கேள்வி அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

கடைசி ‘ஏ’யை, முதல் தடவை டாக்டரைப் பார்ப்பது என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. முறிவுக்கான சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டெல்லாம் போட்டாகி, ஒழுங்காக ஆறுகிறதா என்று பார்க்கப் போனால் ‘டி’. ஆறத் தாமதமானால் ‘ஜி’, கோணலாகக் கூடினால் ‘பி’.

எப்படி விழுந்தான் என்பதற்கும் எண் உண்டு. கட்டிலிலிருந்து விழுந்தால் ஒன்று, ஊஞ்சலிலிருந்து என்றால் வேறொன்று, இடுப்பில் தூக்கி வைத்திருந்தவர் கை நழுவினால் அதற்கும் தனியாக. வேடிக்கையாக இருக்கிறதா? காரணம் இருக்கிறது. லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே தோள்பட்டை அருகில் முறிந்தால், எலும்புக்குள் நீர்க்கட்டி இருந்து அந்த இடம் மெலிந்திருக்கலாம். அது அப்படித்தான் என்று டாக்டர் எழுதிவிட்டால் எண் ‘எஸ்’ஸில் தொடங்காது, ‘எம்’மில் தொடங்கும்; வைத்தியமும் வேறு. இன்னும் நடக்கவே ஆரம்பிக்காத கைக்குழந்தைக்குப் புஜம் முறிந்திருந்தாலோ, யாராவது குழந்தையைத் துன்புறுத்தினார்களா என்றுகூட டாக்டர் யோசித்தாக வேண்டும். அது அவர் கடமை. "திரும்பத் திரும்பக் கேட்கறாரே, நம்மளைச் சந்தேகப்படறாரா" என்று முகம் சுளிக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீங்கள் பார்க்கவில்லையென்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். பாட்டி மேல் பழி வருமே என்று கதையை மாற்றினால், அடிக்கும் கதைக்கும் பொருந்தாமல் போய் வீண் சிக்கல்தான்.

‘அமெரிக்கச் சமாசாரம் நமக்கெதற்கு’ என்கிறீர்களா? நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எண் போட்டால், வழக்கமாக அது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 பட்டியலிலிருந்து வரும். அதில் புஜ எலும்பின் மேல் முனை முறிவு எல்லாமே எஸ்42.2 தான். வலது இடது கிடையாது, பக்கிள் என்ற பிரிவும் கிடையாது. ஆகவே டாக்டர் கையால் எழுதும் வார்த்தைதான் நமக்கு எல்லாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெண். மகனுக்கு இடது கையில் தூக்குப் பட்டை. சீட்டிலோ ‘வலது கை, அடி’ என்று மட்டும். மூன்று வாரம் கழித்து அவள் பிறந்த ஊரில் வேறு டாக்டரிடம் காட்டினாள். எக்ஸ்ரே படமும் கையில் இல்லை. அவர் என்ன செய்வார்? இரண்டு கைக்கும் புதிதாக எக்ஸ்ரே. பிள்ளைக்கு அநாவசியக் கதிர்வீச்சு, அவளுக்குச் செலவு.

அதனால் சீட்டை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். கூச்சம் வேண்டாம். எந்தக் கை, எலும்பின் எந்த இடம், என்ன மாதிரி முறிவு, அடுத்து எப்போது வர வேண்டும் என்பது இருக்கிறதா? பிசகு இருந்தால், "சார், இடது கை இல்லையா?" என்று கேளுங்கள், ஒரு கோடு போட்டு அடித்து, திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருவார். நீங்களாகப் பேனாவை எடுக்காதீர்கள்!

ஒரு விஷயத்துக்கு மட்டும் சீட்டு, எண் எதற்கும் காத்திருக்க வேண்டாம். முழங்கைக்கு மேலே அடிபட்டு, விரல்கள் வெளுத்தோ சில்லிட்டோ மரத்தோ போனாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடு ராத்திரியானாலும் சரி. எண்ணெய் போட்டு நீவுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடவே கூடாது.

எக்ஸ்ரே படத்தில் பெயரும் தேதியும் வலது இடது குறியும் இருக்கிறதா என்று வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது தரும் படங்களில் பல, சூடு பட்டால் கறுத்துவிடும். வெயில் விழும் ஜன்னலோரத்திலோ காருக்குள்ளோ விடாமல், மடிக்காமல், பீரோவில் புடவைகளுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.