எலும்பு டாக்டரிடம் சொல்லாத மாத்திரை



சென்ற மாதம் ஒரு அம்மாள் விதவை உதவித்தொகை விஷயமாக மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. "வாசல் தெளிக்கையில வழுக்குச்சுண்ணே, கையை ஊனுனேன், அம்புட்டுத்தான்" என்றார். பல வருஷம் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன கை அது.

மனுவை எழுதி முடித்த பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். கணவர் லாரியில் போனவர். அவர் மூலம் தனக்கும் எச்.ஐ.வி. வந்துவிட்டது, அரசு மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறார்.

"எலும்பு டாக்டர்கிட்ட இதைச் சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணே சொல்றது? நம்ம தெரு ஆளுக பக்கத்துல உக்காந்திருந்தாக."

"சரி, மாத்திரை வாங்குற இடத்துல கை ஒடிஞ்சதைச் சொன்னியா?"

"அங்க யாரும் கேக்கலையே."

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இந்தக் கிருமியை 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக அது தெரியவந்தது. அப்போது இந்த நோய் வந்தால் முடிவு நிச்சயம் என்று இருந்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. நம் பக்கத்தில் ஆண்டிபட்டி ஆரோக்கிய அகம் போன்ற அமைப்புகளும் இந்த நோயாளிகளுக்காக உழைத்தன. அன்று இளம் விதவையாக இருந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இது பெரிய வெற்றி. ஆனால் பிழைத்தவர்களுக்கு வயதாகும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

மாதவிலக்கு நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைவதால் அடுத்த சில வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேயும். இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதற்கு மேல் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. கிருமியே எலும்பைப் பாதிக்கும். கூட்டு மருந்தில் உள்ள டெனோஃபோவிர் என்ற மருந்தும், முக்கியமாகச் சிகிச்சையின் முதல் ஓரிரு வருஷங்களில், எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உயிரைக் காப்பது அந்த மாத்திரைதான்.

அந்த அம்மாளுக்கு எலும்பு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். கால்சியம் கொடுத்தது சரிதான். ஆனால் இப்போது தரப்படும் கூட்டு மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்தும் இருக்கிறது. அதையும் கால்சியத்தையும் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ கூட்டு மாத்திரையைச் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான். எலும்பு டாக்டருக்கு எச்.ஐ.வி. தெரியாது, மையத்துக்குக் கால்சியம் தெரியாது என்றால் இதை யார் சொல்வது? அந்த அம்மாள் இரண்டையும் இரவு படுக்கும்போது ஒரே தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன். படிவத்தில் கட்டம் இல்லாத கேள்வியை எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்பதில்லை. மாத்திரை வாங்க வரும் நாற்பதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் மூன்று கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். மாதவிலக்கு நின்றுவிட்டதா? விழுந்து எலும்பு முறிந்ததா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? இதற்குச் செலவே இல்லை. மாதவிலக்கு நின்ற எச்.ஐ.வி. பெண்களுக்கு டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உலக அளவில் நிபுணர்கள் சொல்கிறார்கள். வலியில்லாத, கால் மணி நேரச் சோதனை. இலவசமாக மாத்திரை கொடுக்க முடிந்த அரசால் இதையும் கொடுக்க முடியும்.

நம் பங்கும் இருக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவருடைய நோயை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. அதைக் காரணம் காட்டி வைத்தியம் மறுக்கவும் கூடாது. ஆனாலும் அந்த அம்மாளின் வாயை அடைத்தது சட்டம் தெரியாததல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாம்தான். டாக்டர் அறையில் ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்றிருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மற்றபடி கேழ்வரகு, எள், நெத்திலிக் கருவாடு, காலை வெயில், தினமும் கொஞ்சம் நடை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. நம் பாட்டிமார் குடித்த கூழ்தான்.

அந்த அம்மாள் அடுத்த முறை மையத்துக்குப் போனபோது, நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த நாலு வரியை அங்கிருந்த டாக்டரிடம் நீட்டினாராம். "படிச்சுட்டு, ரெண்டையும் எப்ப எப்பச் சாப்பிடணும்னு மணி போட்டு எழுதிக் குடுத்தாருண்ணே" என்றார். வாயால் சொல்ல முடியாதவர்கள் இப்படித் தாளிலாவது எழுதிக் கொடுக்கலாம்.