மச்ச பலன்: ஒரு திருத்தம்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 வீதியில், அக்குறணையைத் தாண்டியதும் வருவது அலவத்துகொட. என் பழைய நண்பர் ஒருவரின் மகள் அங்கே குடியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன்னர் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அவருடைய ஏழு வயது மகன் வெறுங்காலோடு கூடத்துக்குள் ஓடிவந்தான். சிமெந்துத் தரையில் சிறு இரத்தப் புள்ளி விழுந்தது. காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் கறுத்த மச்சம் ஒன்று. அதன் ஓரத்தில் கசிவு. அடிபட்டதா என்று கேட்டேன். இல்லை, சில வாரங்களாகவே அப்படித்தான் என்றான்.

பையனின் பாட்டி சிரித்தபடி சொன்னார்: "அது ஒண்ணுமில்ல தம்பி. உள்ளங்கால்ல மச்சம் இருந்தா புள்ள கடல் தாண்டிப் போவான்னு உங்க பேப்பர்லதானே போட்டிருந்தீங்க?"

எனக்குப் பேச்சு எழவில்லை. அந்தப் பலனை எழுதியவன் நானாகவே இருக்கக்கூடும்.

பத்திரிகைத் தொழிலில் நான் கால்வைத்த காலத்தில், வாரப் பதிப்பின் பக்கத்தில் மூன்று அங்குலம் காலியாகக் கிடந்தால் உதவி ஆசிரியனுக்குக் கிடைக்கும் கட்டளை ஒன்றுதான்: "மச்ச பலன் ஏதாவது போடு." பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, நெற்றியில் இருந்தால் பதவி, கன்னத்தில் இருந்தால் செல்வம், பாதத்தில் இருந்தால் பயணம் என்று எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். பஞ்சாங்கத்தில் இல்லாததை நானே இட்டுக்கட்டியதும் உண்டு. ஒருவரும் மறுப்புக் கடிதம் எழுதவில்லை.

'இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, யாருக்கு என்ன நட்டம்?' என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நட்டம் இதுதான். அதிர்ஷ்ட மச்சம் என்று பெயரிட்டுவிட்டால் அதை எவரும் வைத்தியரிடம் காட்டமாட்டார்கள், அகற்றவும் சம்மதிக்கமாட்டார்கள். துரதிர்ஷ்ட மச்சம் என்று பெயரிட்டால் சுண்ணாம்பும் பூண்டும் வினாகிரியும் வைத்துச் சுட்டெரிப்பார்கள். அழகு நிலையத்தில் கருக்குவார்கள். எரித்த திசுவைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப முடியாது. அது என்னவாக இருந்தது என்பதை அறியும் வழியும் அத்தோடு போய்விடும். ஆக, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவதற்கும், தொடக்கூடாததைத் தொடுவதற்கும் ஒருசேரக் காரணம் கற்பித்தவர்கள் நாம்.

இன்னொரு மூடநம்பிக்கையும் உண்டு, அது படித்தவர்களுடையது. தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களின் நோய், நம் நிறத்துக்கு அது வராது என்பார்கள். குறைவாக வரும் என்பது உண்மை. வராது என்பது பொய். கரிய தோலில் மெலனோமா தோன்றும்போது பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களையே தேர்ந்துகொள்கிறது. பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் இருந்த கறுப்பை உதைபந்தாட்டக் காயம் என்றே முதலில் நினைத்தார்கள். அது மெலனோமா என்பது 1977-இல் தெரிந்தது. 1981-இல் தமது 36ஆம் வயதில் அவர் இறந்தார்.

நிற்க. பெற்றோரைக் கலங்கடிப்பது என் நோக்கமன்று. சிறுவர்களுக்கு மெலனோமா வருவது மிக அரிது. பிள்ளை வளர வளரப் புதிய மச்சங்கள் தோன்றுவதும், இருப்பவை உடலோடு சேர்ந்து மெல்லப் பெருப்பதும் இயல்பு. கைக்குழந்தையின் இடுப்புக்குக் கீழே காணும் நீலச் சாம்பல் படலமும் நம்மிடையே சர்வசாதாரணம். பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

ஆனால் சில மச்சங்களை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகமாக மாறுவது, அடிபடாமலே இரத்தம் கசிவது, புண்ணாகி ஆறாதிருப்பது, ஓயாமல் அரிப்பது, பிள்ளையின் மற்ற மச்சங்களோடு சேராமல் தனித்துத் தெரிவது, நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கரும்பட்டை. பிறவியிலேயே உள்ள பெரிய மச்சத்தை, வளர்ந்தபின் 20 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடியதென்றால் குறிப்பாக, தொடக்கத்திலிருந்தே நிபுணரின் கண்காணிப்பில் வைக்கவேண்டும்.

நம் பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்கள் சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீற்றர் விட்டம் என்ற விதியை மொழிபெயர்த்துப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. 1985-இல் நியூயோர்க் வைத்தியர்கள் வகுத்த அந்த விதி வளர்ந்தோருக்கானது. சிறுவர்களில் இந்நோய் ஒரே நிறத்தில், இளஞ்சிவப்புக் கட்டிபோல, பருவென்று எண்ணும்படியும் வரலாம். விதியில் அடங்கவில்லை என்று சும்மா இருந்துவிடக்கூடாது.

அலவத்துகொட மக்களுக்கு வைத்தியம் எட்டாக்கனியன்று. பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறப்பு வைத்தியசாலை இருக்கிறது; கண்டியில் தேசிய வைத்தியசாலை இருக்கிறது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இவ்வளவும் கையருகில் இருக்க, தாய்மார் பஞ்சாங்கத்தை நம்பிக் காத்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பழியில் பெரும்பங்கு எங்களுடையது.

அந்தப் பையனின் மச்சத்தை அகற்றிப் பரிசோதித்தார்கள். ஆபத்தில்லாதது என்று முடிவு வந்தது. 'பார்த்தீர்களா, வீணாகப் பயந்தீர்களே' என்று யாரும் சொல்லவேண்டாம். அது ஆபத்தில்லாதது என்பது பரிசோதித்த பிறகே தெரிந்தது. பலனைப் படித்துத் தெரிந்ததன்று.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடுவது தொழில் தருமம். பல ஆண்டுகள் தாமதமாக நான் அதைச் செய்கிறேன்:

மச்சத்துக்குப் பலன் கூறி நான் எழுதியவை அனைத்தும் தவறு. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் பயணம் உண்டு என்று எழுதியிருந்தேன். அது இரத்தம் கசிந்தாலோ மாறினாலோ, பயணம் வைத்தியசாலைக்கு என்று வாசிக்கவும்.