வேலை போனால் இ.எஸ்.ஐ.யில் எவ்வளவு கிடைக்கும்? கணக்குப் போட்டால் கை கடிக்கிறது!

சென்னை—

"வேலை போச்சா? கவலையை விடுப்பா, இ.எஸ்.ஐ.யில பாதிச் சம்பளம் தர்றாங்க!"

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் இப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். பாதிச் சம்பளம் முழுசாக வருமா? கணக்குப் போட்டால் வேறு விதமாக இருக்கிறது.

வேலை இழந்த இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு 90 நாள் வரை உதவித்தொகை தரும் திட்டம் 2018 ஜூலையில் வந்தது. பெயர், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் கொடுத்தார்கள். கொரோனாவில் வேலை இழந்தவர்களுக்காக 2020-ல் அதை 50 சதவீதம் ஆக்கினார்கள்.

730 என்ற எண்

மாதம் 15 ஆயிரம் வாங்கும் லேத் தொழிலாளி என்ன செய்வார்? 26-ஆல் வகுத்து, "தினக்கூலி 577 ரூபாய்" என்பார்.

இ.எஸ்.ஐ. அப்படி வகுக்காது. 2 வருஷச் சம்பளத்தை மொத்தமாகக் கூட்டி, 730 நாளால் வகுக்கும். 3,60,000 ரூபாயை 730-ஆல் வகுத்தால் தினக்கூலி 493 ரூபாய்தான்.

25 சதவீதம் என்றால் 90 நாளுக்குச் சுமார் 11,100 ரூபாய். 50 சதவீதம் என்றால் சுமார் 22,200. நடுவில் சம்பளம் இல்லாத மாதம் இருந்தால் இன்னும் குறையும்.

சம்பளச் சீட்டைப் பாருங்க

கையில் 15 ஆயிரம் கொடுத்து, கணக்கில் 10 ஆயிரம் காட்டும் முதலாளிகளும் உண்டு. அங்கே 22,200 கிடைக்க வேண்டியவருக்குச் சுமார் 14,800தான் வரும். 7,400 ரூபாய் கோவிந்தா!

கண்டுபிடிப்பது சுலபம். தொழிலாளி பங்கு 2019 ஜூலையிலிருந்து 0.75 சதவீதம். 15 ஆயிரத்துக்கு 113 ரூபாய் பிடிக்கணும். 75 ரூபாய்தான் பிடித்தம் என்றால், கணக்கில் இருப்பது 10 ஆயிரம்!

கையெழுத்து போடுமுன்...

2 வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய 6 மாதச் சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மீதி மூன்று காலத்தில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும்.

தானாக வேலையை விட்டவருக்குப் பணம் கிடையாது. ஆகவே, "நானே விலகுகிறேன்" என்று எழுதிய தாளை நீட்டினால், அவசரப்பட்டுக் கையெழுத்து போட வேண்டாம்.

மனு போடும் நாளில் 25-ஆ, 50-ஆ என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குமுன், வேலை இருக்கும்போதே இன்றைக்கு ராத்திரி சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்!