பீரோவில் தூங்கிய தோட்டாக்கள்

சீவலப்பேரிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையோரம் அண்ணாச்சி ஒருவருக்கு வாழைத் தோட்டம். பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். தோட்டத்து வீட்டில் அவரும் மதினியும் மட்டுந்தான். தற்காப்புக்கென்று லைசென்ஸ் பெற்று, கைக்கு அடக்கமான .32 பிஸ்டல் ஒன்று வைத்திருக்கிறார்.

"எப்போதாவது சுட்டுப் பார்த்ததுண்டா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எதுக்குத் தம்பி? பத்து வருஷமா பீரோவுல கிடக்கு. இருக்குங்கிற தைரியம் போதாதா?"

"2023 டிசம்பர் வெள்ளத்திலும் அங்கேதான் இருந்ததா?"

"பீரோ பாதி முங்கிட்டு. தோட்டாவையெல்லாம் எடுத்துத் துடைச்சு வெயில்ல காயப்போட்டேன். பளபளன்னுதான் இருக்கு."

எனக்குத் திக்கென்றது. தோட்டா என்ன, வற்றலா வடகமா, காயப்போட்டு எடுக்க?

நம் சீமைக்குப் பிஸ்டல் புதிதல்ல. 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். அதற்கு முன்பே அவர் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியிருந்தார். கையில் இருந்தால் போதும் என்று அவரே நினைக்கவில்லை!

ஒருவழியாக அண்ணாச்சி சம்மதித்தார். முறைப்படி அனுமதி பெற்று, ரைபிள் கிளப் ஒன்றில், பயிற்சியாளர் முன்னிலையில் அந்தத் தோட்டாக்களில் பத்தைச் சுட்டுப் பார்த்தோம். முதல் மூன்று வெடித்தன. நாலாவது 'க்ளிக்' என்றது, அவ்வளவுதான். "துப்பாக்கியைத் திருப்பாதீங்க! இலக்கைப் பார்த்தே பிடிங்க!" என்றார் பயிற்சியாளர். நமுத்த தோட்டா சற்றுத் தாமதித்தும் வெடிக்கலாமாம். அரை நிமிஷம் கழித்துத்தான் அதை வெளியே எடுத்தார். எட்டாவதும் அப்படியே. பத்தில் இரண்டு! அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு பயிற்சியாளர் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் மூழ்கிய தோட்டா பளபளப்பாக இருந்தாலும் நம்பத் தக்கதல்ல. உள்ளே மருந்து நமுத்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயும் ஆகாது, கசிந்து உள்ளே போனால் மருந்தைக் கெடுத்துவிடும். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் குண்டு உள்ளே அமுங்கும். சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும்.

எந்தக் குண்டு நல்லது? 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு அதிகாரிகளை இழந்த பிறகு, அமெரிக்க எஃப்.பி.ஐ. குண்டுகளை ஜெலட்டின் கட்டியில் சுட்டுச் சோதித்தது. 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது அவர்கள் வகுத்த அளவு. முனையில் குழிவுள்ள குண்டு பட்டதும் விரியும். பெரிய துப்பாக்கிக்கு அது சரி. .32 குண்டோ ஐந்து கிராம்கூடத் தேறாது. விரிந்தால் ஆழம் போகாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே சிறு பிஸ்டலுக்கு முழு உறையிட்ட, உருண்டை முனைக் குண்டையே பலரும் விரும்புகிறார்கள். அது தடங்கலின்றி ஏறவும் செய்யும். ஆனால் ஊடுருவும் குண்டு குறி தவறினால் சுவரைத் தாண்டியும் போகும். அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். எதை வாங்கினாலும், அதே ரகத்தில் ஒரு பெட்டியாவது அதே துப்பாக்கியில் சுட்டுப் பார்த்த பிறகே நம்பலாம்.

அண்ணாச்சி பழைய தோட்டாக்களை லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டார். கிணற்றில் போடவில்லை, அதுவே பெரிய புண்ணியம். புதியவை பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், பூட்டிய பெட்டியில் இருக்கின்றன.

விஷயத்தைக் கேட்ட மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்போ இத்தனை வருஷமும் நம்மளைக் காத்தது சுடலைமாடன்தான்!"